புதன்கிழமை வேலி

இலுப்பூர்
6 ஜூலை 2025

ஆத்மநாதனுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமையே வந்துவிட்டது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் பிரிக்காமல் வைத்திருந்தேன். என் மனைவி சுகுணாதான் பிரித்துச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போட்டாள். போனில் பேச ஒன்பது முறை முயன்றதாக எழுதியிருக்கிறாய். தெரியும். எடுக்கக் கூடாது என்றுதான் எடுக்கவில்லை.

நான்கு பக்கத்தில் நீ கேட்டிருப்பது ஒன்றுதான். ஆண்டார்பட்டினத்து அலையாத்திக் காட்டுக்கு முன்னால் அரசாங்கத்தில் கருங்கல் தடுப்பு போடப் போகிறார்கள். கல் வந்தால் சேறு உள்ளே வராது, சேறு வராவிட்டால் காடு நிற்காது. பழையபடி மர வேலி போதும் என்று நீங்கள் சொன்னால், மர வேலி அலையைத் தடுத்ததற்கு ஆதாரம் எங்கே என்று கேட்கிறார்கள். காடு முளைப்பதற்கு முன்னால் அந்தக் கரையில் அலையை அளந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே அதிகாரிகள் வைக்கும் ஆகஸ்ட் 29-ஆம் தேதிக் கூட்டத்துக்கு என் ஏழு நோட்டுகளும் வேண்டும்.

அந்த நோட்டுகள் செல்லாதவை என்று ஆக்கியது யார்?

நீ மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். 2007 பிப்ரவரி. என் முனைவர் பட்ட ஆய்வைப் பார்க்க மூன்று பேராசிரியர்கள் உங்கள் கரைக்கு வந்தார்கள். சவுக்குக் கட்டைகளை இரண்டு வரிசையாக அடித்து, நடுவில் சீமைக் கருவேல மிளாறுகளைத் திணித்துக் கட்டிய அறுபது மீட்டர் வேலி இரண்டு வாடைக் காலம் குலையாமல் நின்றிருந்தது. எப்படி என்று ஒரு அத்தியாயம் முழுக்க எழுதியிருந்தேன். கடல் தாழை என்கிற கடற்புல் மிதந்து வந்து இடுக்குகளில் அடைந்துகொள்கிறது, வேலி தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது என்பது என் கண்டுபிடிப்பு. அதைத்தான் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். நீ படகில் இருந்து குதித்து வந்து சொன்னாய்: "தானா எங்க சார் நிக்கும்? புதன்கிழமை புதன்கிழமை நாங்கல்ல எறங்கிக் கட்டுறோம்."

நடுவில் நின்றவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மற்ற இருவரும் சிரித்தார்கள். ஐந்து வருடம் அந்தச் சிரிப்போடு முடிந்தது.

இப்போது விராலிமலை பக்கம் ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் கணக்கு எடுக்கிறேன். அறிவிப்புப் பலகையில் பதினான்கு பெயர்கள். பதினோரு பெயருக்கு முன்னால் 'முனைவர்'. எனக்குப் பின்னால் சேர்ந்த அரவிந்த்குமார் இன்றைக்கு முதல்வர். அவர் கடலை அளந்ததில்லை, யாரும் அவருக்கு உதவி செய்ததும் இல்லை.

தேவிப்ரியா என்ற ஆய்வு மாணவி அங்கே இதே தலைப்பில் அளந்துகொண்டிருப்பதாக எழுதியிருக்கிறாய். அவளாவது பட்டம் வாங்கட்டும். என் நோட்டுகளைத் தர மாட்டேன்.

திருமுருகன்

*

ஆண்டார்பட்டினம்
11 ஜூலை 2025

அன்புள்ள திருமுருகன் அண்ணனுக்கு ஆத்மநாதன் எழுதுவது.

திட்டியாவது எழுதினீர்களே. சொர்ணவல்லி கடிதத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். கேட்டுவிட்டு, "இம்புட்டுக் கோவம் இருக்குன்னா அவுக நம்மள மறக்கலன்னுதானே அர்த்தம்" என்றாள்.

அன்றைக்கு நான் சொன்னது காட்டிக்கொடுப்பதற்கு இல்லை அண்ணே. பெருமைக்குச் சொன்னேன். பெரிய ஆட்கள் மூன்று பேர் காரில் வந்து எங்கள் சேற்றில் இறங்கி நிற்கிறார்கள். இந்தப் படிப்பில் எங்கள் ஊர்க் கையும் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். நாங்கள் கட்டுவது உங்களுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாது. எந்த ஊரில் வேலி தானாக நிற்கும்?

வேலியை யாரும் தொடக் கூடாது என்று நீங்கள் சொன்னது வாஸ்தவம். அவிழ்க்கக் கூடாது என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவிழ்ந்ததைக் கட்டுவதும் தொடுவதில் சேருமா? எங்கள் கரையில் திங்கள், புதன், சனி விசைப்படகுகள் மீன் பிடிக்கிற நாள். மற்ற நாள் எங்களைப் போன்ற நாட்டுப்படகுகளுக்கு. இன்றைக்கும் அதே முறைதான். சனியும் திங்களும் என் படகை உங்களுக்கு ஓட்டினேன். மற்ற நாளில் நீங்கள் திருச்சியில் வகுப்பு எடுத்தீர்கள். நடுவில் புதன்கிழமை சும்மா கிடந்தது. சும்மா கிடக்கிற ஆட்கள் சேர்ந்து மிளாறு திணித்தோம். மிளாறு மிதக்காமல் இருக்க மேலே தாழையை வைத்து அமுக்கினோம். நீங்கள் சனிக்கிழமை வந்து அந்தத் தாழையைத்தான் படம் பிடிப்பீர்கள். உங்களுக்குப் பிடித்திருக்கிறதே என்று அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வைப்போம்.

நீங்கள் போன பிறகும் ஆறு வருஷம் கட்டினோம். இரண்டு பக்கமும் நீட்டினோம். பின்னால் சேறு தங்கத் தங்க வெண்கண்டல் என்கிற அலையாத்தி மரத்து விதையை ஊன்றினோம். இப்போது பதினைந்து ஏக்கர். 2018 புயலில் நாற்பத்திரண்டு படகையும் அந்தக் காட்டுக்குள்தான் கட்டிப் போட்டோம். ஒன்றுகூட உடையவில்லை. பக்கத்து ஊரில் கல் போட்ட இடத்தைப் போய்ப் பார்த்தேன். அலை கல்லில் மோதித் திரும்பி, அடியில் இருக்கிற சேற்றையெல்லாம் தோண்டி எடுத்துக்கொண்டு போகிறது. மரங்கள் வேர் தெரிய நிற்கின்றன.

மகள் பிறந்தபோது கார்டு போட்டேன். ஹரிணி என்று பெயர் வைத்ததை எழுதினேன். பதில் இல்லை. புயலுக்குப் பிறகு எழுதினேன். அதற்கும் இல்லை. உங்கள் பட்டம் எங்களால் போனது என்றே இருக்கட்டும். காடு உங்களுக்கு என்ன செய்தது?

இப்படிக்கு
ஆத்மநாதன்

*

இலுப்பூர்
20 ஜூலை 2025

ஆத்மநாதனுக்கு,

உன் கடைசி வரி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு வாரம் அதை நினைத்துக் கோபப்பட்டேன். "அலமாரியில பாதி எடத்த அந்த நோட்டுதான் அடைச்சிக்கிட்டு இருக்கு. ஒண்ணு குடுங்க, இல்ல எடைக்குப் போடுங்க" என்றாள் சுகுணா. எடைக்குப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பார்க்கலாம் என்று எடுத்தேன்.

முதல் நோட்டின் அட்டையில் இன்னும் உப்பு பூத்திருக்கிறது. மூன்றாவது நோட்டில் ஒரு பக்கத்தோடு இன்னொரு பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் நடுவில் ஒரு மீன் செதில். அலமாரிக்குள் பதினெட்டு வருடம் இருந்தும் கருவாட்டு வாசனை போகவில்லை.

வேலிக்கு முன்னால் இரண்டு கழி, பின்னால் இரண்டு கழி. வடக்கில் ஒரு ஜோடி, தெற்கில் ஒரு ஜோடி. முன்கழியில் அலை எவ்வளவு ஏறுகிறது, பின்கழியில் எவ்வளவு ஏறுகிறது என்று நூறு நூறு அலையாக எண்ணினோம். நான் உயரம் பார்ப்பேன், நீ எண்ணிக்கை சொல்வாய். அறுபதுக்கு மேல் போனால் உனக்குப் பாட்டு வந்துவிடும். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவோம். உன் அப்பா சேவுகன் கரையில் வலையைக் காயப்போட்டபடி பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டார்: "அலைய எண்ணி என்னய்யா செய்யப் போறீங்க? குட்டி போட்டா ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிடுவீகளா?" நீ சிரித்ததில் படகு ஆடி அன்றைய அளவு கெட்டது. உன்னைக் கடிந்துகொண்டேன். நோட்டில் அதையும் எழுதியிருக்கிறேன்: 'படகோட்டியின் கவனக்குறைவு.'

மத்தியானம் படகிலேயே சோறு. சொர்ணவல்லி கல்யாணமாகி வந்த புதிதில் கொடுத்தனுப்பிய நண்டுக் குழம்பு தெறித்த பக்கமும் இருக்கிறது. வாடை தொடங்கும் நாளில் வடக்கே வானம் ஈயம் மாதிரி ஆகும். கடல் தட்டையாகப் படுத்திருக்கும். நீ மோந்து பார்த்துவிட்டு, ரெண்டு மணிக்குக் காத்து வந்துரும் என்பாய், இரண்டரைக்குள் வந்துவிடும். அந்த நேரங்களில் என்னைவிடச் சந்தோஷமான ஒருவன் இந்த மாவட்டத்தில் இருந்திருக்க மாட்டான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எங்கள் அப்பா ஒவ்வொரு தை மாதமும் கொல்லைக்கு முள் வேலியைப் பிரித்துப் புதிதாக அடைப்பார். சின்ன வயதில் முள் சுமந்தவன் நான். பழைய முள் ஒரு மழைக்குத் தாங்காது என்று எனக்குத் தெரியும். கடலில் நட்டால் மட்டும் அது நிற்கும் என்று எந்தப் படிப்பு எனக்குச் சொல்லிக்கொடுத்தது?

ஆனால் நோட்டுகள் உங்களுக்கு உதவாது. நிஜமாகவே உதவாது. முன்னால் பத்துப் பங்கு வரும் அலை, ஒரு வாரம் பின்னால் ஏழாக இருக்கிறது, அடுத்த வாரம் நாலாகக் குறைகிறது, மறுபடி ஏறுகிறது. ஏன் குறைந்தது என்பது நோட்டில் இல்லை. நீங்கள் எந்தெந்தப் புதன் கட்டினீர்கள், எந்தப் புதன் கட்டவில்லை என்று தெரிந்தால்தான் இந்த எண்களுக்கு அர்த்தம். அதை யார் எழுதி வைத்திருக்கிறீர்கள்? ஒருவரும் இல்லை. ஆகவே விட்டுவிடு.

திருமுருகன்

*

ஆண்டார்பட்டினம்
2 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுதி வைக்கவில்லைதான். அதற்காக மறந்துபோய்விட்டதா?

உங்கள் கடிதம் வந்த மறுநாள் வலைக் கொட்டகையில் எல்லோரையும் கூட்டினேன். தேவிப்ரியா அந்த இரண்டு வருஷத்துக் காலண்டரை எங்கிருந்தோ எடுத்து வந்து உட்கார்ந்தது. ஆம்பளைகளைக் கேட்டால் ஒன்றுக்கும் லாயக்கில்லை. பெண்கள்தான் சொன்னார்கள். மூக்காயி அக்கா ஆரம்பித்துக் கொடுத்தது: "தீவாளிக்கு மறுநா கட்டுனோம். பாதிப் பேரு வரல. தின்ன பலகாரம் எந்திரிக்க விடல." காலண்டரைப் பார்த்தால் 2005 நவம்பர் 2, சரியாகப் புதன்கிழமை. தேவிப்ரியா அந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டுக் கையைத் தட்டியது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தது. வெள்ள நிவாரண அரிசி வாங்க ஆம்பளைகள் மணமேல்குடி போன புதன்: பெண்கள் மட்டும் இறங்கிக் கட்டினார்கள். மூக்காயி அக்கா மகளுக்குச் சடங்கு சுற்றிய வாரம்: கட்டவில்லை. என் கல்யாணத்துக்கு அடுத்த புதன்: கட்டினோம்; மாப்பிள்ளையும் இறங்கியாக வேண்டும் என்று என்னைத் தள்ளிவிட்டார்கள். பள்ளிக்கூடச் சுவர் இடிந்த வாரம்: கட்டவில்லை. பிச்சைமுத்து அண்ணன் மச்சானோடு அடித்துக்கொண்ட வாரம்: வடக்குப் பாதி மட்டும் கட்டினோம். தெற்குப் பாதி அவர் முறை. மண்டை உடைந்தவர் எப்படி வருவார்? "மண்டையெல்லாம் ஒடையல. லேசாக் கீறல்" என்று அவர் இப்போதும் சண்டைக்கு வந்தார்.

ஐந்து நாள் இப்படியே போனது. அந்த ஐந்து நாளும் ஊரே சிரித்துக்கொண்டிருந்தது. செத்துப்போனவர்களெல்லாம் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஒரு வாரத்தைப் பற்றி இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் அந்த வாரத்தைத் தேவிப்ரியா அடித்துவிட்டது. மிச்சம் இருபத்தெட்டு புதன். கட்டியது பத்தொன்பது, கட்டாதது ஒன்பது. பட்டியல் இதோடு இருக்கிறது.

தேவிப்ரியா உங்களிடம் சொல்லச் சொன்னது: கூட்டத்தில் வைக்கும் காகிதத்தில் முதல் பெயர் உங்கள் பெயர்தான். அது பெயர் அடுத்தது.

இப்படிக்கு
ஆத்மநாதன்

*

இலுப்பூர்
10 ஆகஸ்ட் 2025

ஆத்மநாதனுக்கு,

உன் பட்டியலையும் என் நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வாரமாகப் பார்க்கிறேன். கல்லூரிக்கு மூன்று நாள் விடுப்பு. முதல்வர் காரணம் கேட்டார். சொந்த வேலை என்றேன். இந்த வார்த்தையை இவ்வளவு உண்மையாக நான் சொன்னதே இல்லை.

பொருந்துகிறது. நீங்கள் கட்டிய புதனுக்கு அடுத்த சனிக்கிழமை அலை குறைந்திருக்கிறது. கட்டாத வாரம் ஏறியிருக்கிறது. அரிசி வாங்கப் போன வாரம் பெண்கள் கட்டியதுதான் இரண்டு வருடத்திலேயே இறுக்கமான கட்டு, மூக்காயியிடம் சொல். பிச்சைமுத்து சண்டை போட்ட வாரம் வடக்குக் கழியில் அலை குறைந்து, தெற்குக் கழியில் அப்படியே நின்றது. அதற்கு நீரோட்டம்தான் காரணம் என்று ஆய்வேட்டில் இரண்டு பக்கம் சூத்திரங்களோடு எழுதியிருந்தேன். அது நீரோட்டம் இல்லை, மச்சான் தகராறு என்று இப்போதுதான் தெரிகிறது. தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சுகுணா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

என் எண்கள் பொய் இல்லை. விளக்கம்தான் பொய். இத்தனை வருடமாக இரண்டையும் சேர்த்தே புதைத்து வைத்திருந்தேன்.

ஒரே ஒரு வாரம் மட்டும் இடிக்கிறது. 2006 நவம்பர் 15. உன் பட்டியலில், 'கட்டவில்லை, ஊரில் துக்கம்' என்று இருக்கிறது. முந்தின சனிக்கிழமை, 11-ஆம் தேதி, பின்னால் ஏழு பங்கு அலை. திங்கள்கிழமை திருச்சியில் தேர்வு வேலை, நான் வரவில்லை. 18-ஆம் தேதி நாலு. கட்டாமல் இவ்வளவு குறையாது. யாரோ கட்டியிருக்கிறார்கள்.

யார் வீட்டுத் துக்கம் என்று நீ எழுதவில்லை. நோட்டைப் பார்த்தேன். நவம்பர் 18, சனிக்கிழமை, என் கையெழுத்தில்: 'ஆத்மநாதன் வரவில்லை. பிச்சைமுத்து படகு. ஒரு மணி நேரம் வீண்.' அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் எழுதாத ஒன்று நினைவுக்கு வருகிறது. கழிக்குப் போகும் வழியில் பிச்சைமுத்து சொன்னார், சேவுகன் போன ஞாயிற்றுக்கிழமை நெஞ்சு வலியில் தவறிவிட்டார் என்று. அன்று அலை நன்றாக இருந்தது. அளந்து முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன். முடிக்கும்போது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த வாரம் துக்கம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அலை நன்றாக இருந்தது.

அன்றைக்கு வேலியைக் கட்டியது யார் என்று கேட்டு எழுது. காகிதத்தில் அந்த இடம் காலியாக இருந்தால் முதல் கேள்வி அங்கேதான் வரும்.

திருமுருகன்

*

ஆண்டார்பட்டினம்
15 ஆகஸ்ட் 2025

அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

கட்டியது நான்தான்.

அப்பாவைத் திங்கள்கிழமை எடுத்தோம். புதன்கிழமை வீடு நிறையச் சொந்தக்காரர்கள். சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு மூலையில் படுத்துவிட்டார்கள். என்னால் உட்கார முடியவில்லை. அதற்கு முந்தின புதன் தெற்கு மூலையில் இரண்டு கட்டை ஆடியதை அப்பாதான் பார்த்தார். பொழுது போய்விட்டது, அடுத்த வாரம் இறுக்கிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுக் கரையேறினார். எனக்கு அதுவே காதில் இருந்தது. கொல்லைப் பக்கமாகப் போய் இறங்கினேன். இரண்டு கட்டையைத்தான் இறுக்க நினைத்தேன். கையை எடுக்க மனசு வரவில்லை. மூன்று மணி நேரத்தில் அறுபது மீட்டரையும் கட்டிவிட்டேன்.

பெற்றவர் போய்ப் பதினாறாம் நாள் கருமாதி முடிகிற வரைக்கும் மகன் கடலில் கால் வைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. வைத்தால் ஊருக்கே மீன் படாது என்பார்கள். அந்தத் தை மாசம் நிஜமாகவே மீன் படவில்லை. எவனோ தீட்டோடு இறங்கியிருக்கிறான் என்று கோயில் வாசலில் பேசினார்கள். நானும் கூட நின்று தலையாட்டினேன். பதினெட்டு வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. சொர்ணவல்லியிடம்கூட இல்லை.

நீங்கள் அன்றைக்கு வீட்டுக்கு வராதது எனக்கு வருத்தம்தான். இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் சனிக்கிழமை நீங்கள் வருவீர்கள், வேலி சரியாக இருக்க வேண்டும் என்ற நினைப்பும் அன்று கட்டும்போது இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள் அண்ணே.

ஆத்மநாதன்

*

இலுப்பூர்
20 ஆகஸ்ட் 2025

ஆத்மநாதனுக்கு,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன்.

ஏழு நோட்டுகளையும் தேவிப்ரியா பெயருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். உன் பட்டியலையும் என் எண்களையும் சேர்த்துப் போட்ட அட்டவணை நோட்டுகளுக்கு மேலே இருக்கிறது. ஒரு வாரத்தை மட்டும் எடுத்துவிட்டால், எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்பார்கள். அதனால் எண்ணை வைத்திருக்கிறேன். 'கட்டியவர்' என்ற இடத்தில் 'தெரியவில்லை' என்று போட்டிருக்கிறேன். தெரிந்துகொண்டே நான் எழுதிய முதல் பொய் இதுதான். இதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒருத்தன் ஊர் முன்னால் தலை குனிந்து நிற்பது எப்படி இருக்கும் என்று நான் படித்துவிட்டேன். நீ படிக்க வேண்டாம்.

கூட்டத்துக்கு நான் வரவில்லை. மைக்கில் எல்லோருக்கும் 'முனைவர்' போட்டுவிட்டு என்னை மட்டும் 'திரு' என்று கூப்பிடுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார எனக்கு இன்னும் மனப்பக்குவம் வரவில்லை.

திருமுருகன்

*

ஆண்டார்பட்டினம்
31 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கூட்டம் நடந்தது. ஊரில் முக்கால்வாசிப் பேர் வேன் பிடித்துப் போயிருந்தோம். தேவிப்ரியா உங்கள் பெயரைச் சொல்லித்தான் ஆரம்பித்தது. திரையில் அட்டவணையைப் போட்டு ஒவ்வொரு புதனாகச் சொல்லிக்கொண்டு வந்தது. கல் தடுப்புக்குக் கணக்குப் போட்ட பொறியாளர் ஒருவர், பெயர் நிலவழகன், நல்ல மனுஷன்தான், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு நேராக அந்த வாரத்துக்கு வந்தார்.

"இந்த ஒரு வாரத்துல கட்டுன ஆள் தெரியலன்னு போட்டிருக்கீங்க. ஊர்ப் பட்டியல்ல கட்டவே இல்லைன்னு இருக்கு. ஆனா அலை கொறைஞ்சிருக்கு. அப்ப கட்டாமலும் கொறையுது, அப்படித்தானே? மத்ததையும் நான் எப்படி நம்புறது?"

தேவிப்ரியா தன் காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அது என்னைப் பார்க்கவில்லை. அதற்கு ஒன்றும் தெரியாது. இன்னொருவர் காகிதத்தை மூடி வைத்தார். உங்கள் ஏழு நோட்டும் மேசையில் அடுக்கி இருந்தது. மறுபடியும் என் வாயால்தான் அது செல்லாமல் போகப்போகிறது என்று நினைத்தேன். போன தடவை பேசியதால் போனது, இந்தத் தடவை பேசாததால்.

எழுந்து சொன்னேன். "நான்தான் கட்டுனேன். எங்கப்பா செத்த நாலாம் நாளு."

ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. முதலில் வாயைத் திறந்தது பிச்சைமுத்து அண்ணன். "அப்ப அந்தத் தையில எனக்கு மீன் படாததுக்கு நீதானாடா காரணம்?" என்றார். ஒருத்தர் சிரித்தார். அப்புறம் பெண்கள் பக்கத்திலிருந்து சொர்ணவல்லி எழுந்தாள். அவள் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததில்லை.

"கருமாதிக்கு முன்னாடி அந்தச் சேத்து வேட்டியத் தொவைச்சது யாரு? மூணு தண்ணி அலசுனேன். எனக்குத் தெரியாதா? அத்தைக்கும் தெரியும். நீங்க ஒக்காருங்க."

உட்கார்ந்துவிட்டேன். பொறியாளர் அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. 'தெரியவில்லை' என்பதை அடித்துவிட்டு அவரே பேனாவால் என் பெயரை எழுதினார்.

முழுசாக ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல முடியாது. காட்டுக்கு முன்னால் இரண்டு வாடைக் காலத்துக்குக் கல் போடுவதில்லை. முந்நூறு மீட்டர் மர வேலி போட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். யார் கட்டுகிறார்கள், எப்போது கட்டுகிறார்கள் என்று இந்தத் தடவை தேவிப்ரியா எழுதி வைக்கும். நின்றால் கல் திட்டத்தைத் தெற்கே தள்ளிப் போடுவார்கள். நிற்காவிட்டால் மறுபடி கூட்டம்.

மைக்கில் உங்களைத் 'திரு' என்றுதான் சொன்னார்கள். மறைக்க என்ன இருக்கிறது? ஆனால் அந்தப் பெயருக்குத்தான் ஊர் கை தட்டியது.

இப்படிக்கு
ஆத்மநாதன்

*

இலுப்பூர்
4 செப்டம்பர் 2025

அன்புள்ள ஆத்மநாதனுக்கு,

உன் கடிதத்தைச் சுகுணாவுக்குப் படித்துக் காட்டினேன். சொர்ணவல்லி பேசிய இடம் வந்ததும் நிறுத்தச் சொல்லி, இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

என் கோபம் எல்லாம் போய்விட்டது என்று எழுத மாட்டேன். கண்ணாடியைத் துடைத்த அந்தப் பேராசிரியரை இன்றைக்குப் பார்த்தாலும் வணக்கம் சொல்ல மாட்டேன். ஆனால் என் கணக்கு ஒன்றில் பெரிய தவறு இருந்திருக்கிறது. எனக்குச் செய்யப்பட்டதை மட்டும் வருடக்கணக்கில் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். நான் செய்யாமல் விட்டதை ஒரு இடத்திலும் எழுதவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை நானும் சுகுணாவும் வருகிறோம். வேலியைப் பார்க்க அல்ல, காட்டைப் பார்க்கவும் அல்ல. உன் அப்பா இறந்ததற்குக் கேதம் கேட்க வருகிறோம். பதினெட்டு வருடம் கழித்துக் கேதம் கேட்கலாமா, அதற்கு முறை உண்டா என்று சுகுணாவைக் கேட்டேன். "கேக்காம விட்டதுக்குத்தான் முறை கெடையாது" என்றாள். உறவுக்காரர்கள் செய்வதுபோலக் காலையிலேயே வந்துவிடுகிறோம். எங்களுக்காக எதுவும் சமைக்க வேண்டாம்.

உன் கடிதத்தில் அத்தைக்கும் தெரியும் என்று சொர்ணவல்லி சொன்னதாக எழுதியிருக்கிறாய். உன் அம்மா இன்னும் இருக்கிறாரா என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. கேட்டு எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தால், யார் வருகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லி வை. நான் முதலில் அவர் எதிரில்தான் போய் உட்கார வேண்டும்.

திருமுருகன்